அப்பாவுக்கு நடந்த இரண்டு பாராட்டுகள்

முதல் நேர்காணலுக்கு அப்பா பதக்கம் குத்திக்கொண்டு வந்தார்.

வெள்ளைச் சேட்டின் இடது பைக்கு மேலே அது தொங்கியது. சின்னப் பித்தளை வட்டம், சிவப்பு நாடா. ரயிலில் எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு, போருக்குப் போய் வந்தவர் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை லேசாகத் தாழ்த்தினார். அப்பாவும் பதிலுக்குத் தாழ்த்தினார்.

நான் அப்போது சிட்னியில் பிளாக்டவுனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவின் அகதி விண்ணப்பத்திலேயே என் பெயரும் இருந்ததால் நானும் கூடப் போக வேண்டியிருந்தது.

"என்னத்துக்கப்பா இது?" என்று கேட்டேன்.

"கந்தோருக்கெல்லே போறம். கேள்வி கேக்கப்போற மனிசனும் அரசாங்க உத்தியோகம், நானும் அரசாங்க உத்தியோகம். பாத்தா ஒரு மதிப்பு வரும்."

அவர் சொன்னதில் எனக்கு அன்று பிழை தெரியவில்லை. ஊரில் எந்தக் கந்தோருக்குப் போவதென்றாலும் அப்பா அப்படித்தான் போவார். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரி, சேட்டை உள்ளே விட்டு, அரசாங்க ஊழியர் என்ற அட்டையைச் சேட்டுப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு போவார். வரிசையில் நிற்கிற மற்றவர்களைவிட ஒரு படி மேலே தன்னை அது நிறுத்தும் என்று நம்பினார். பல இடங்களில் நிறுத்தியும் இருக்கிறது.

அவர் செய்தது தபால் பை காவுகிற வேலை. நகரத்தில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பெரிய தபால் கந்தோரில் அரக்கு வைத்து மூடிய பைகளை எடுத்துச் சைக்கிள் கரியரில் கட்டி, காட்டுக்குள் இருக்கிற உப தபால் கந்தோர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கிருந்து வேறு பைகளை ஏற்றிக்கொண்டு திரும்புவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கடிதம் எழுதவோ படிக்கவோ அவருக்கு ஓடாது. பை சரியான கந்தோருக்குப் போகிறதா என்று பார்க்கிற அளவுக்கு எழுத்துத் தெரியும். போர் வந்தது, பாதை மூடினார்கள், திறந்தார்கள், நடுவில் சோதனைச் சாவடி போட்டார்கள். ஒரு பக்கத்துக்காரர் பையைத் தடவிப் பார்ப்பார்கள். கொஞ்சத் தூரம் போனால் மற்றப் பக்கத்துக்காரர் தடவிப் பார்ப்பார்கள். இவர் இரண்டு இடத்திலும் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. கடிதங்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். என் படிப்பைப் பற்றி அப்பா ஒருவருக்கும் பெருமையாகச் சொன்னதை நான் கேட்டதில்லை. ஆனால் பதக்கத்தைப் பற்றிச் சொல்லுவார்.

போர் முடிந்த பிறகு ஒருநாள், போர்க்காலத்திலும் வேலையை விடாமல் செய்தவர்கள் என்று தபால் ஊழியர் சிலரைத் தெரிந்தெடுத்து நகர மண்டபத்தில் பாராட்டினார்கள். பஸ் விட்டார்கள். சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். அமைச்சர் ஒருவர் கையாலேயே பதக்கம் குத்தினார். பக்கத்தில் சீருடை போட்ட ஒரு பெரிய அதிகாரி நின்றார். ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். அப்பா மட்டும்தான் சிரிக்கவில்லை, ஏனென்றால் படம் எடுக்கும்போது சிரிக்கக்கூடாது என்று அவர் நினைத்திருந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு சாதாரண உடுப்பில் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். இவ்வளவு காலமும் அந்தக் காட்டுக்குள் பை கொண்டு திரிந்தவன் நீ, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, வந்து ஆட்களைக் காட்டு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அப்பாவால் சைக்கிளில் ஏற முடியவில்லை. யாரையும் காட்டவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த தடவை கூப்பிட்டால் காட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் பாயில் படுத்தபடி அதைக் கேட்டேன்.

ஆம்பிளைப் பிள்ளையையும் விட்டு வைக்க மாட்டார்கள் என்று அம்மா முடிவெடுத்தார். அப்பாவும் நானும் படகேறினோம். அம்மாவும் தங்கச்சியும் ஊரிலேயே நின்றார்கள். விசா கிடைத்தவுடன் அவர்களைக் கூப்பிடுவது என்பது பேச்சு. தங்கச்சிக்கு அப்போது பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன.

இந்தப் பின்னணியோடுதான் அப்பா அந்த நேர்காணல் அறையில் போய் உட்கார்ந்தார். அதிகாரி நல்ல மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார், தமிழ்நாட்டுக்காரர். "ஐயா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று அடிக்கடி சொன்னார். அப்பா நடந்ததையெல்லாம் சொன்னார். கூட்டிக்கொண்டு போனது, கேட்டது, முதுகுக்குச் செய்தது. பிறகு அதிகாரி, உங்கள் சேட்டில் இருப்பது என்ன என்று கேட்டார்.

அப்பா நிமிர்ந்தார். அந்த நேர்காணல் முழுவதிலும் அவர் நிமிர்ந்து பேசியது அந்த இடத்தில் மட்டும்தான். யார் தந்தது? அமைச்சர். விரும்பித்தான் போனீர்களா? விரும்பாமல் என்ன, பஸ் விட்டவை. பக்கத்தில் நின்ற ராணுவ அதிகாரி உங்களை மரியாதையாக நடத்தினாரா? ஓம், கை தந்தவர்.

எல்லாம் உண்மை. தீர்ப்பில் அதையெல்லாம் அப்படியே எழுதியிருந்தார்கள். அரசாங்கம் பகிரங்கமாகக் கௌரவித்த ஒருவர்மீது அதே அரசாங்கத்துக்குச் சந்தேகம் இருந்திருக்கும் என்பதை ஏற்க முடியாது என்று முடித்திருந்தார்கள். நான்தான் அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"பதக்கம் தந்ததும் அவங்கள்தான், கூட்டிக்கொண்டு போனதும் அவங்கள்தான். இதில என்ன நம்பேலாமல் கிடக்கு?"

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. மேன்முறையீடு, நிராகரிப்பு, நீதிமன்றம். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கிற தற்காலிக விசா. நாட்டை விட்டுப் போனால் திரும்ப முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. அப்பா செவன் ஹில்ஸில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். நான் உதவித்தொகையில் பல்கலைக்கழகம் முடித்தேன். வேலைக்கு எழுதிப்போட்டால், விசாவைப் பார்த்துவிட்டு, பிறகு தொடர்பு கொள்கிறோம் என்பார்கள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வில்லாவுட் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட கதைகள் வரும்போது அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். கடைசியில் நீதிமன்றம், முதல் விசாரணையில் ஒரு விஷயம் சரியாகக் கவனிக்கப்படவில்லை, மறுபடி கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. இதுதான் கடைசிச் சந்தர்ப்பம், இதற்குப் பிறகு எந்தக் கதவும் இல்லை என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார். வழக்கைப் பற்றி வெளியில் ஒருவரோடும் கதைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கோயிலில் ஒரு வயதான அன்ரி அப்பாவை அடையாளம் கண்டார்.

அன்னதான வரிசையில் அப்பா சோறு போட்டுக்கொண்டு நின்றார். தட்டை நீட்டிய அன்ரி நீட்டியபடியே நின்றுவிட்டார். "நீ எங்கட தபால்காரத் தம்பியெல்லே! பாதை பூட்டிக் கிடக்கேக்க என்ர மகன்ர காயிதம் கொண்டு வந்தனியெல்லே!" அப்பா, தான் வீட்டுக்கு வீடு கடிதம் கொடுப்பதில்லை, கந்தோருக்குப் பை மட்டும்தான் கொண்டு வந்தது என்று விளக்கப்படுத்திப் பார்த்தார். அன்ரி அதைக் காதில் வாங்கவே இல்லை. வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் செயலாளர்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடென்பது இன்னொருவர் வீட்டின் பின்வளவில் கட்டியிருந்த ஒற்றை அறையும் குசினியும். செயலாளர் கணக்காளர், நல்ல நிலையில் இருப்பவர், கலகலப்பானவர். இருந்த ஒரே கதிரையில் அவரை இருத்திவிட்டு நாங்கள் கட்டிலில் இருந்தோம்.

"அண்ணை, உங்களை மாதிரி ஒராள் எங்களுக்குள்ள இருந்தும் தெரியாமல் போச்சே. இந்த முறை ஆண்டு விழாவில உங்களைக் கௌரவிக்கிறம். பொன்னாடை, விருது, எல்லாம்."

"ஐயோ, எனக்கு உதொண்டும் வேண்டாம் தம்பி."

செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "பாத்தியே? பெரிய மனிசர் எல்லாரும் முதல்ல உப்பிடித்தான் சொல்லுறவை."

"இல்லைத் தம்பி, உண்மையா வேண்டாம். நான் பை காவினனான், அவ்வளவுதான்."

"அதைத்தானண்ணை நாங்களும் சொல்லப்போறம்!"

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்களில் ஒருவர் தேத்தண்ணி வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னொரு தரம் கேள் என்று அர்த்தம். பொன்னாடையும் அப்படித்தான். போன வருஷம் கௌரவிக்கப்பட்ட டாக்டர் கடைசிவரை வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம், பட்டுவேட்டி ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாராம். இதைச் சொல்லிச் செயலாளரே சிரித்தார். மறுக்காமல் சம்மதிக்கிறவனைத்தான் எங்கள் சனம் ஒரு மாதிரிப் பார்க்கும். ஆகவே அப்பா எவ்வளவுக்கு மறுத்தாரோ அவ்வளவுக்குச் செயலாளருக்கு அவரைப் பிடித்துப்போனது. ஏன் வேண்டாம் என்ற காரணத்தை அப்பாவால் சொல்ல முடியவில்லை. வழக்கைப் பற்றிக் கதைக்கக் கூடாதே.

சுவரில் அந்தப் பதக்கப் படம் மாட்டியிருந்தது. "அருமையான படம்" என்று செயலாளர் போனில் ஒரு படம் எடுத்தார். அப்பா அதைத் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சுவரில் இருக்கிற படத்தைப் பார்த்து நல்லாயிருக்கு என்றால் யார்தான் தடுப்பார்கள்?

நான் கார் வரைக்கும் போனேன். "அங்கிள், அவர் சும்மா சொல்லேல்லை. உண்மையாவே விருப்பமில்லை."

"தெரியும் தம்பி, நீ யோசிக்காதை. அண்ணையை நான் மேடைக்குக் கொண்டு வாறன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

படம் முகநூலில் வந்ததை அப்பாவுக்குக் கிடங்கில் வேலை செய்கிற ஒரு தமிழ்நாட்டுப் பையன் காட்டியிருக்கிறான். "அண்ணே, சொல்லவே இல்ல? ஹீரோ மாதிரி இருக்கீங்க!" அப்பா எனக்குப் போன் எடுத்து, "என்ர படம் ஒண்டு வந்திருக்காம், கீழ என்ன எழுதிக் கிடக்கெண்டு பார்" என்றார்.

பார்த்தேன். அமைச்சரையும் அதிகாரியையும் வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அப்பாவின் முழுப் பெயர், ஊர்ப் பெயர். அதற்குக் கீழே, உயிரைத் துச்சமாக மதித்து எங்கள் பிள்ளைகளின் கடிதங்களைக் காவிய வீரத் தபால்காரர் என்று இருந்தது. எங்கள் பிள்ளைகள் என்றால் யார் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். ஆயுதம் ஏந்தியவர்களைத்தான் அப்படிச் சொல்வது. இங்கே இருந்து வாசிக்கிறவருக்கு அது பாசம். அங்கே இருந்து வாசிக்கிறவருக்கு அது குற்றப்பத்திரிகை.

நான் செயலாளருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அவர் பதறிப்போனார். உடனே எடுத்துவிட்டார். அதற்குள் அது எத்தனையோ பேரின் பக்கங்களுக்குப் போய்விட்டது. கீழே மாலைப் படங்கள், கூப்பிய கைகள், தலை வணங்குகிறோம் என்ற வார்த்தைகள்.

"எங்கட இடத்தின்ர பேரைப் போட்டவங்களோ?" என்று அப்பா கேட்டார். நான் ஓம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அம்மாவின் அழைப்பு அந்தக் கிழமையே வந்தது. இரண்டு பேர் வந்து போனில் படத்தைக் காட்டி, இது உன்னுடைய மனுசன்தானே என்று கேட்டார்களாம். தங்கச்சியை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்களாம். இருட்டிய பிறகு விட்டார்களாம்.

தங்கச்சி இப்போது ஊரில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். நாங்கள் வந்தபிறகு போனிலேயே வளர்ந்த பிள்ளை. அப்பா அவளைக் கேட்டார்.

"என்ன பிள்ளை கேட்டவங்கள்?"

"ஒண்டுமில்லை அப்பா. கதிரையில இருத்திப்போட்டு, ஆருக்கு ஆருக்கெல்லாம் காயிதம் குடுத்தவர் எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவங்கள். எனக்கென்ன தெரியும்? நான் அப்ப குழந்தைப் பிள்ளை எண்டனான்."

"அடிச்சவங்களே?"

"இல்லை இல்லை. சீச்சீ."

அம்மா போனை வாங்கி, "இனி அவளிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ" என்றார்.

முன்பள்ளியில், விஷயம் அடங்கும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் பயப்படுகிறார்களாம். அம்மாவும் அவளும் வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊரில் சின்னம்மா வீட்டுக்குப் போனார்கள்.

வழக்கறிஞரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி முழுவதையும் எழுதிக்கொண்டார். பிறகு, நடந்தது பயங்கரம், ஆனால் இது புதிய சான்று என்றார். அப்பாவை அங்கே இன்னும் தேடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவாக ஒன்று இதுவரை எங்களிடம் இருந்ததில்லை. மகள் சாட்சி சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதும்.

நான் தமிழில் சொன்னேன். அப்பா, "ஏலாது எண்டு சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நாங்கள் சண்டை பிடித்தோம். சிட்னி ரயில்களில் பெலத்துத் தமிழ் கதைத்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று கத்தினேன்.

"கடைசிச் சந்தர்ப்பம் எண்டு சொல்லுறா. இதை விட்டா எங்களைப் பிடிச்சு வில்லாவுட்டில போட்டு அங்க ஏத்தி அனுப்புவாங்கள். நீங்கள் அங்க போய் இறங்கினா அவளுக்கு நல்லதோ?"

"அவளை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனது என்னால. திருப்பி அவளின்ர பேரை இன்னொரு கந்தோரில எழுதக் குடுக்கச் சொல்லுறியே?"

"இது வேற கந்தோர் அப்பா."

"எனக்கெல்லாம் ஒரே கந்தோர்தான்."

இந்த மனிதர் ஆயுள் முழுவதும் கந்தோர் என்ற சொல்லை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவர். அதை அவர் அப்படிச் சொன்ன பிறகு என்னால் கத்த முடியவில்லை.

முடிவெடுத்தது தங்கச்சி. அம்மா மூலம் விஷயம் அவளுக்குப் போயிருந்தது. அவளே அழைத்தாள்.

"அப்பா, நான் கதைக்கிறன்."

"வேண்டாம் பிள்ளை."

"என்னைக் கேக்க வேண்டியதை அவங்கள் கேட்டுட்டாங்கள். இனி நீங்களும் வந்து அம்பிட்டா நான் பட்டது என்னத்துக்கு?"

அப்பா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார். நான் எடுத்து, சரி என்று சொன்னேன்.

இரண்டாவது விசாரணைக்கு அப்பா சாதாரண நீலச் சேட்டில் வந்தார். விசாரித்தவர் வயதான பெண்மணி, கேள்விகளை மெதுவாகவும் கவனமாகவும் கேட்டார். எல்லாக் கோப்புகளையும் படித்திருந்தார். ஆகவே பதக்கத்தைப் பற்றிக் கேட்டே தீருவார் என்று எனக்குத் தெரிந்தது. உங்கள் சேவைக்காக நீங்கள் கௌரவிக்கப்பட்டதாக முன்பு சொல்லியிருக்கிறீர்கள், அது சரிதானா?

அப்பா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "ஓம். ரெண்டு தரம் கௌரவிச்சவை. முதலாவதுக்குப் பிறகு என்னைக் கொண்டு போனவங்கள். ரெண்டாவதுக்குப் பிறகு என்ர பிள்ளையைக் கொண்டு போனவங்கள்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு தங்கச்சியை அழைத்தார்கள். அறை நடுவில் இருந்த பெட்டியிலிருந்து அவள் குரல் வந்தது. பின்னால் எங்கோ ஒரு சேவல் கூவியது. அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அங்க இருக்கிறாரோ?" என்பதுதான். இருக்கிறார் என்றார்கள். "அவரை வெளியில போகச் சொல்லுங்கோ. அண்ணா இருந்தாப் பரவாயில்லை."

அப்பா எழுந்தார். கதிரையை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். கதவு மூடிய பிறகு அவள் கதைத்தாள்.

எங்களுக்குச் சொல்லாததை அவள் அந்த அறைக்குச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது, ஒருமுறை முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்ல வைத்ததே போதும். மொழிபெயர்ப்பாளர் ஒரு இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். தங்கச்சி நிறுத்தவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் மாதிரி, ஒன்றுக்குப் பிறகு இன்னொன்றாக, விட்டுப்போகாமல் சொன்னாள். முடிவில், "இவ்வளவுதான். வேற கேள்வி இருக்கோ?" என்றாள். 

வெளியே அப்பா நடைபாதையில் சுவரோடு நின்றார். இருக்க இடம் இருந்தும் இருக்கவில்லை.

"என்ன சொன்னவள்?"

"கேள்விதான் கேட்டவங்களாம். மிரட்டினவங்களாம்."

அப்பா என் முகத்தை நீண்ட நேரம் பார்த்தார். "சரி" என்றார். லிஃப்டின் பொத்தானை அவரே அழுத்தினார்.

விசா கிடைத்தது. தீர்ப்பை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "இருக்கலாமெண்டு எழுதிக் கிடக்கோ? அது காணும்" என்றார். அதை மடித்து நான் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேலையும் கிடைத்தது. மேசை, கணினி, கழுத்தில் தொங்குகிற அட்டை. முதல் நாள் அந்த அட்டையை அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கவனம்" என்று மட்டும் சொன்னார்.

செய்தி கேள்விப்பட்டு சங்கச் செயலாளர் கேக்கோடு வந்தார். அவர் கெட்டவர் அல்லர். படத்தைப் போட்டதற்காக எங்களிடம் அழுது மன்னிப்புக் கேட்டவர். ஆனால் அன்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எப்பிடியோ அண்ணை, நாங்கள் போட்டதும் கடைசியில உங்களுக்கு ஒரு உதவியாத்தான் முடிஞ்சிருக்கு. கடவுள்ர வேலை பாத்தீங்களே" என்றார். படத்தைக் காட்டி ஆட்கள் வந்து விசாரித்ததும் அது சான்றானதும் மட்டும்தான் அவருக்குத் தெரியும், தங்கச்சிக்கு நடந்தது எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லப்போவதும் இல்லை.

அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று குசினிக்குப் போனார். நெடுநேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்ற வைக்கப்படவில்லை. தேயிலைப் பேணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். "நீ போய் அவரோட கதை தம்பி. என்னால ஏலாமல் கிடக்கு." நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பாவுக்குத் தலையிடி என்றேன். செயலாளர் கேக்கை வெட்டி ஒரு துண்டு அப்பாவுக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவைக் கூப்பிடுவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டேன். அம்மாவுக்கு விண்ணப்பிக்கலாம், காலம் எடுக்கும், ஆனால் வரலாம் என்றார். தங்கச்சிக்கு? அவள் வளர்ந்துவிட்டாள், வேலைக்குப் போனவள், தகப்பனில் தங்கியிருக்கிற பிள்ளை என்று காட்டுவது கஷ்டம் என்றார். அவளுக்கென்று தனியாக ஏதாவது வழி தேட வேண்டும், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தப் பிள்ளையின் வாயால் எங்களுக்கு விசா வந்ததோ அந்தப் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

இதை அப்பாவுக்குச் சொல்ல எனக்குச் சில நாட்கள் பிடித்தன. சொன்ன அன்றைக்கு அவர் அம்மாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். சின்னம்மா வீட்டில் யாரோ தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ" என்றார் அம்மா. "இவளை இஞ்ச தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்."

அப்பா போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேக்குதோ?"

"கேக்குது."

"இரவில எழும்பிக் கத்துறாள். ஆராவது பக்கத்தில படுக்க வேணும்."

அவர்கள் பிரிந்தபோது அம்மாவுக்குத் தலையில் ஒரு நரை இல்லை. இப்போது வீடியோவில் பார்த்தால் முழுக்க வெள்ளை. விசா கிடைத்தால் அம்மா வருவார் என்பதை வைத்துத்தான் அப்பா இந்த வருஷங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த விசாரணை அறைக்குள் கேட்டதையெல்லாம் என் முகத்தில் தேடினாரோ தெரியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஓம்" என்றார் அப்பா போனைப் பார்த்து. "நீ அவளோடயே இரு."